ஒயில் குடிக்கிற காரும் அப்பான்ர மூக்கும்

"ரிங் போட்டுது தம்பி, எஞ்சினை இறக்கத்தான் வேணும்" எண்டு கராஜ்காரர் சொல்லேக்க அழுறதா சிரிக்கிறதா எண்டு எனக்குத் தெரியேல்லை, ஏனெண்டா என்ர காருக்குள்ள பிஸ்டனே இல்லை, பிஸ்டன் இல்லாத எஞ்சினுக்கு ரிங் எங்கால வாறது. ஆனா அவரிலயும் பிழை சொல்லேலாது. கிளிநொச்சியில இருந்துகொண்டு அவர் இவ்வளவு காலமும் பாத்தது உழவு மெசினும் ஹயஸ் வானும் பட்டா லொறியும்தான். ஒயில் குடிக்குது எண்டு ஒருத்தன் வந்து நிண்டா அவருக்குத் தெரிஞ்ச வியாதி அதுதான்.

கார் 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் மனுவல். 2021இல வாங்கினனான். அதுக்கு முதல் வருசம் வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து பழைய வாகனம் எல்லாம் அப்ப விலை ஏறிக்கொண்டு போனது, இது மட்டும் ஒருத்தரும் தொடாமல் வவுனியாவில ஒரு வீட்டு முத்தத்தில தறப்பாளால மூடிக் கிடந்தது. புத்தகத்தில 1308 சிசி எண்டு இருக்கும், பாத்தா சின்னக் கார் எண்டு நினைப்பியள். 654 சிசிப்படி ரெண்டு ரோட்டர். ரோட்டர் எண்டுறது தேத்தண்ணிக் கடை மரக்கறி ரொட்டி மாதிரி மூண்டு மூலை, பக்கம் கொஞ்சம் உப்பினது, அது இடுப்பு சிறுத்த ஒரு கூட்டுக்குள்ள சுத்தும். மூண்டு மூலையிலயும் ஏபெக்ஸ் சீல் எண்டு மெல்லிய பட்டி ஒண்டு சுவரோட உரசிக்கொண்டே போகும். உரசிற இடத்துக்கு ஒயில் வேணும்தானே, அதால ஒரு குட்டிப் பம்பு கீழ தட்டில இருக்கிற எஞ்சின் ஒயிலையே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து உள்ளுக்க விடும், அது பெற்றோலோட சேந்து எரிஞ்சு போகும். சுத்து கூடக் கூட, பாரம் கூடக் கூட பம்பு கூட விடும். அப்ப இழுத்து ஓடினா ஒயில் குறையத்தான் செய்யும், அது அந்தக் காரைச் செய்தவன் வேணுமெண்டே வைச்ச கணக்கு. இதெல்லாம் வாங்க முதலே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு வருசம் விசர் வேலைதான் பாத்தனான்.

முதல் வருசம் ஒரு பிரச்சினையும் இல்லை. 2022இல பெற்றோல் தட்டுப்பாடு வந்து பங்கீட்டுக் கியூஆர் அட்டையோட வரிசையில நிக்கவேண்டி வந்திட்டுது, காருக்கு முதல் தந்தது கிழமைக்கு 20 லீற்றர். இது ரவுணுக்குள்ள லீற்றருக்கு ஆறு ஏழு கிலோமீற்றர் ஓடுற சாமான், கணக்குப் பாருங்கோ, கிழமைக்கு 130 கிலோமீற்றர்தான். அதால சந்தைக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட, கடைக்கு எண்டு ரெண்டு மூண்டு கிலோமீற்றர் ஓட்டம் மட்டும், எஞ்சின் வடிவாச் சூடாக முதலே ஓவ் பண்ணிப்போடுவன். ஒயில் அளவு பாக்கிற கம்பியை இழுத்துப் பாத்தா ஒயில் அசையவே இல்லை. எல்லாரும் சொல்லுறாங்கள் இந்தக் கார் ஒயில் குடிக்கும் எண்டு, என்ரது குடிக்காது எண்டு ஆக்களுக்குப் புளுகித் திரிஞ்சனான். ஓட்டம் குறைவுதானே எண்டு ஒயில் மாத்தவும் இல்லை.

2023இல கியூஆர் நிப்பாட்டினாப் பிறகு கொழும்புக்கு ஒருக்காப் போகவேண்டி வந்துது. விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, காப்பெற் றோட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒருத்தரும் இல்லை, ரெண்டு வருசமா அடக்கி வைச்ச ஆசையும் சேந்து வடிவா இழுத்துப் போட்டன். இதில ஒண்டு சொல்லவேணும், இழுக்கிறது எண்டா 140இல பறக்கிறது எண்டு நினைக்காதேங்கோ. இந்த எஞ்சின் நிமிசத்துக்கு 9000 சுத்து வரைக்கும் சுத்தும், முதலாம் கியரைக் கடைசி வரைக்கும் இழுத்தாலே அறுபது சொச்சம்தான் வரும், ரெண்டாம் கியர்ல 70இல போனா மீற்றர் முள்ளு 6000 கிட்ட நிக்கும். எங்கட றோட்டில சட்டமும் 70தான். மாங்குளத்துக்கு இங்கால பொலிசும் வேகம் பாக்கிற மீற்றரோட நிப்பினம், அவைக்குத் தப்பினாலும் மாடு விடாது, காலபோக அறுவடை நேரம் எண்டா பாதி றோட்டில நெல்லுக் காயப்போட்டிருக்கும், இருட்டில அது தெரியவே தெரியாது. எஞ்சினை வேலை வாங்க 70க்குள்ளயே தாராளமா ஏலும்.

கொழும்பில போய் பாத்தா கம்பியில ஒயிலே முட்டேல்லை. கம்பி நுனி துடைச்ச மாதிரிக் கிடக்கு. ஒரு லீற்றர் ஊத்தினன், அப்பத்தான் குறைஞ்ச அளவைக் காட்டுற எல் கோட்டுக்குக் கொஞ்சம் மேல வந்துது. வரேக்க அனுராதபுரம் தாண்டின ஒரு வளைவில ஒயில் லைட் கண்ணைச் சிமிட்டிப்போட்டு நிண்டிட்டுது. அந்த லைட்டை நம்பி ஓடாதேங்கோ, அது சொல்லேக்க கன நேரம் பிந்திப்போடும். அதைவிடப் பெரிய ஏமாத்து டாஷ்போட்டில இருக்கிற ஒயில் பிரஷர் முள்ளு. இந்தக் கார்ல அது உண்மையான மீற்றர் இல்லை, பிரஷர் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல இருந்தா நடுவில நிக்கும், கீழ போனா விழும், அவ்வளவுதான், சுவிச்சுக்கு முள்ளு வேசம் போட்ட மாதிரி. தண்ணிச் சூடு காட்டுற முள்ளும் அப்பிடித்தான், எஞ்சின் சூடேறி அவியத் தொடங்கிற வரைக்கும் நடுவிலயே நிண்டு சிரிச்சுக்கொண்டிருக்கும்.

அடுத்த நாள்தான் கராஜ், ரிங் கதை. எஞ்சின் இறக்க நான் ஓமெண்டு சொல்லேல்லை, அப்ப அவர் "சரி, தடிப்பு ஒயில் போட்டுப் பாப்பம், நிண்டிடும்" எண்டு இருபது ஐம்பது (20W-50) போட்டார். போட்டது மட்டுமில்லை, குடிக்கிற கார்தானே எண்டு நிறைஞ்ச அளவைக் காட்டுற எஃப் கோட்டுக்கு மேல ரெண்டு விரல் கூட ஊத்திவிட்டார், அன்பிலதான் ஊத்தினவர். வீட்டை வாற வழியில ஒரு மாடு குறுக்க வந்து சடாரெண்டு பிரேக் அடிச்சன், பிறகு அக்சிலறேற்றரை மிதிக்க பின்னால நீலப் புகை, ஒரு சந்தியே மறைஞ்சு போச்சு. கூட ஊத்தினா அது பேசாமல் கிடக்காது, பிரேக் அடிக்கேக்கையும் வளைவில திருப்பேக்கையும் அலை அடிச்சு மூச்சுக் குழாயால ஏறி காத்து இழுக்கிற பக்கத்துக்குப் போய் அதுவும் எரியும். கீழ நட்டைக் கழட்டி வழிய விட்டு எஃப்க்குக் கொண்டுவந்தன்.

பிறகு ஒரு மாதம் திரும்பவும் ரவுண் ஓட்டம். கம்பி அசையேல்லை. இன்னும் சொல்லப்போனா ஒரு மயிரிழை ஏறின மாதிரியும் இருந்துது. தடிப்பு ஒயிலுக்கு நிண்டிட்டுது எண்டு பெரிய சந்தோசத்தோட கம்பியைக் கொண்டுபோய் திண்ணையில இருந்த அப்பாக்குக் காட்டினன்.

அப்பா கமக்காரன், இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஆள், கார் வைச்சிருந்தது தொண்ணூறுகளில ஒரு பழைய மொறிஸ் மட்டும்தான். பொருளாதாரத் தடை நேரம் வன்னிக்குள்ள பெற்றோல் இல்லை, வாகனம் எல்லாம் மண்ணெண்ணையிலதான் ஓடினது, கொஞ்சப் பெற்றோலை காப்ரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி எஞ்சின் பிடிச்ச உடன மண்ணெண்ணைக்கு மாத்துவினம், பின்னால வாறவன் கண்ணெரிஞ்சு சாவான். அப்பா கம்பியை வாங்கினார், ஒயில் எவ்வளவுக்கு நிக்குது எண்டு பாக்கவே இல்லை. நேர மூக்குக்குக் கொண்டு போனார். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில ஒரு சொட்டை வைச்சு உருட்டினார், விரலை விரிச்சா ஒயில் நூல் மாதிரி இழுபடவேணும், இது தண்ணி மாதிரி உடன அறுந்துது.

"இது ஒயில் மட்டுமில்லையடா, பாதி பெற்றோல்" எண்டார். "எங்கட மொறிசும் இப்பிடித்தான், ஒயில் கூடிக்கொண்டு வரும். கூடினா சந்தோசப்படாத, மணந்து பார்."

எனக்கு அப்பத்தான் ரெண்டு வருசக் கதையும் விளங்கினது. குளிர்ந்த எஞ்சினுக்கு பெற்றோல் கூடப் போகும், எரியாத மிச்சம் சீலைத் தாண்டி ஒயிலுக்குள்ள இறங்கும், சின்ன ஓட்டத்தில ஒயில் சூடாகாதபடியா அது ஆவியாகிப் போகவும் வழியில்லை. அப்ப ஒரு பக்கத்தால ஒயில் எரிஞ்சு குறையுது, மற்றப் பக்கத்தால பெற்றோல் வந்து நிரப்புது, கம்பி மட்டும் நல்ல பிள்ளை மாதிரி ஒரே இடத்தில நிக்குது. கொழும்பு ஓட்டத்தில மணித்தியாலக் கணக்காச் சூடேற அந்தப் பெற்றோல் எல்லாம் ஆவியாப் போய், ரெண்டு வருசக் குறைவு ஒரே நாளில தெரிஞ்சது. நான் நினைச்சது எஞ்சின் ஒரே ஓட்டத்தில குடிச்சிட்டுது எண்டு. அதைவிட மோசம், அந்தத் தண்ணி ஒயிலோடதான் நான் 8500 வரைக்கும் இழுத்திருக்கிறன். பேரிங் தப்பினது றோட்டோரம் இருக்கிற முறிகண்டிப் பிள்ளையார் செயல்.

அண்டைக்கே ஒயிலையும் பில்ட்டரையும் மாத்தினன், மெல்லிய ஒயில், ஐந்து முப்பது (5W-30) போட்டன். சிந்தெட்டிக்கா மினரலா எண்டு இந்த எஞ்சின் வைச்சிருக்கிற ஆக்களுக்குள்ள பெரிய வழக்கே நடக்கும், நான் அந்த வழக்குக்குப் போறேல்லை, 5000 கிலோமீற்றருக்கு ஒருக்கா மாத்துறன், சின்ன ஓட்டம் கூடின மாதங்களில அதுக்கு முதலே மாத்துறன். கம்பி பாக்கேக்க மணந்தும் பாக்கிறன். மனிசி பாத்திட்டு "இஞ்சாருங்கோ, அதென்ன குழம்பே" எண்டு கேக்கிறவ.

பிறகுதான் ஒழுங்கா அளக்கத் தொடங்கினன். வீட்டில நெல்லுக் காயப்போடுற சீமெந்துத் தளம் இருக்கு, மட்டம் பாத்துக் கட்டினது, அதில எப்பவும் ஒரே திசையில நிப்பாட்டுவன். ஓடிச் சூடானாப் பிறகு ஓவ் பண்ணி ஐஞ்சு நிமிசம் விடுவன், கம்பியைத் துடைச்சு திரும்ப விட்டு எடுப்பன், ரெண்டு தரம். சூடான எஞ்சினுக்கையும் குளிர்ந்த எஞ்சினுக்கையும் மாறி மாறிப் பாத்தா கணக்கு நாசம். குறைஞ்சதைக் கண்ணால மட்டிடுறேல்லை, எஃப் கோடு வரைக்கும் திரும்ப ஊத்தி, ஊத்தினது எவ்வளவு எண்டுதான் எழுதுறது. அதுக்கு வயலுக்கு மருந்து அளக்கிற மூடி ஒண்டு நல்லாக் கழுவி எடுத்து, அரை லீற்றர் தண்ணிப் போத்தலில நூறு நூறு மில்லியாக் கோடு கீறி வைச்சிருக்கிறன். ஊத்தேக்கையும் ஒரேயடியா விடாதேங்கோ, இருநூறு விட்டு, பொறுத்து, பாத்து, பிறகு மிச்சம். கொப்பியில கிலோமீற்றர், ஊத்தினது, எப்பிடி ஓடினது, மூண்டும் எழுதுவன். எப்பிடி ஓடினது எண்டதை எழுதாட்டி மற்ற ரெண்டாலயும் பிரயோசனம் இல்லை.

அப்பிடி எழுதினதில ஆறுதலா ஓடின 1000 கிலோமீற்றருக்கு 350 மில்லி போனது. சரி, இது இந்த எஞ்சினுக்கு நியாயம். ஆனா முல்லைத்தீவுப் பக்கம் இழுத்து ஓடின கிழமைகளைச் சேத்துக் கணக்குப் பாத்தா 1000த்துக்கு ஒரு லீற்றர் 200. பம்பு கூட விடும் எண்டாலும் இது கொஞ்சம் ஓவர், மூண்டு மடங்குக்கு மேல. பின்னால புகையும் இல்லை. எரிஞ்சா எங்கயாவது தெரியவேணும்.

சைலன்சரையே பாத்துக்கொண்டிருந்தனான், முன்னுக்குப் பாக்கேல்லை. இந்தக் காருக்கு முன் பம்பரின்ர ரெண்டு மூலையிலயும் ஒவ்வொரு ஒயில் கூலர் இருக்கு, நிலத்துக்கு ஒட்டினபடி. எங்கட வீட்டு ஒழுங்கை கிரவல், ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளுக்கு இறங்கினாலும் கிரவல்தான், அதில சில்லு அடிக்கிற கல்லு நேர அங்கதான் போகும். படுத்துக்கொண்டு டோர்ச் அடிச்சுப் பாத்தா இடப்பக்கக் கூலர் காய்ஞ்சு வெள்ளையாத் தூசி பிடிச்சிருக்கு, வலப்பக்கத்தில குழாய் பூட்டுற இடத்தைச் சுத்தி செம்மண் அப்பம் மாதிரி ஒரு விரல் தடிப்புக்கு ஒட்டிக் கிடக்கு. ஸ்குரூ டிறைவரால சுரண்டினா வெளியால காய்ஞ்ச மண், உள்ளுக்க கறுத்த ஈரம். அந்த அப்பம்தான் ஒயில் நிலத்தில சொட்டாமல் இவ்வளவு நாளும் பிடிச்சு வைச்சிருந்தது. ஆறுதலா ஓடேக்க பிரஷர் குறைவு, கசிவும் இல்லை. இழுத்து ஓடேக்க மட்டும் சுத்தோட பிரஷர் ஏறும், ஒயில் சூடாகி கூலருக்கால கூடப் போகும், அந்த நேரம் பாத்துக் கசிஞ்சிருக்கு, காத்து அதைப் பின்னுக்குக் கொண்டுபோய் அடித்தகட்டில பூசிவிட்டிருக்கு. ஓடி வந்து நிப்பாட்டி மட்டையை விரிச்சு வைச்சா ஒரு சொட்டும் விழாது, அதையும் நான் செய்து பாத்துத்தான் கசிவு இல்லை எண்டு முடிவு கட்டினனான்.

குழாயை மாத்தி, கூலருக்கு முன்னால கல்லுப் படாமல் கம்பி வலை ஒண்டு பூட்டினன், நுளம்பு வலை மாதிரி நெருக்கமா இல்லை, காத்துப் போகவேணும். அதுக்குப் பிறகு இழுத்து ஓடினாலும் 1000த்துக்கு 700, 750. அப்ப கிட்டத்தட்ட அரை லீற்றர், நான் "எஞ்சின் குடிக்குது" எண்டு எழுதினது, எஞ்சினுக்குள்ள போகவே இல்லை. உங்களிட்ட எந்தக் கார் இருந்தாலும் எஞ்சினைத் திட்ட முதல் காரைத் தூக்கி அடிப்பக்கத்தை மண்ணெண்ணையால கழுவி, இழுத்து ஒரு ஓட்டம் ஓடி, வந்து உடன கீழ பாருங்கோ.

பிஸ்டன் எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருக்கிற ஆக்களுக்கு நியாயம் வேற. மச்சானிட்ட நாலு சிலிண்டர் ஒண்டு இருக்கு, அதுவும் 8000 சுத்திற சாமான், அதில பம்பு வைச்சு ஒயில் விடுறேல்லை, குறைஞ்சா ஏன் எண்டு தேடத்தான் வேணும். புகையைப் பாருங்கோ. இரவு முழுக்க நிண்டு காலமை ஸ்ராட் பண்ணேக்க மட்டும் நீலப் புகை பொக்கெண்டு வந்து நிண்டா வால்வ் சீல். கன தூரம் அக்சில எடுத்துப்போட்டு கியர்லயே உருளவிட்டு வந்து திரும்ப மிதிக்கேக்க புகைச்சாலும் அந்தப் பக்கம்தான், ஏனெண்டா அக்சில எடுத்த நேரம் உள்ளுக்க வெற்றிடம் கூடி ஒயிலை இழுக்கும். மிதிக்க மிதிக்கப் புகைச்சால் ரிங். மச்சானுக்கு இது ஒண்டும் இல்லை, எஞ்சினுக்குள்ள சேருற ஆவியை வெளியேத்துற பிசிவி வால்வ் அடைச்சு ஒயில் ஆவி எல்லாம் காத்துக் குழாய்க்குள்ள போய்க்கொண்டிருந்தது, சின்னச் சாமான் ஒண்டு மாத்தினதோட சரி. அவரிட்டயும் எஞ்சின் இறக்கச் சொன்னவை.

என்ர காருக்கு எதிர்ப் பயமும் ஒண்டு இருக்கு. ஒயில் மணக்காமல், கசியாமல், நல்லாச் சூடேற ஓடியும் 1000 கிலோமீற்றருக்கு ஒண்டும் குறையாட்டி அப்பத்தான் நித்திரை போகும், பம்பு வேலை செய்யேல்லை எண்டு அர்த்தம், ஏபெக்ஸ் சீல் காய்ஞ்சு உரசுது. அந்தப் பயத்துக்குத்தான் பெற்றோல் அடிக்கேக்க லீற்றருக்கு 5 மில்லிப்படி டூ ரி (டூ ஸ்ட்ரோக்) ஒயிலும் டாங்கிக்குள்ள விடுறன். வயலுக்கு மருந்தடிக்கிற மெசினுக்கு அப்பா கலக்கிற அதே சாமான்தான், அளவு மட்டும் குறைய. நான் நல்லதா ஒரு போத்தல் வாங்கி வைக்க அதை அவர் மெசினுக்கு ஊத்தி முடிச்சிட்டு "இப்ப புகையே இல்லையடா" எண்டு சொல்லுறார்.

முறிகண்டிக் கதையைச் சொல்லாமல் விடேலாது. அங்க எல்லாரும் நிப்பாட்டித் தேங்காய் அடிச்சிட்டுத்தானே போறது, நானும் நல்லா இழுத்து வந்த சூட்டோட நிப்பாட்டி, தேங்காய் அடிச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பினா ஸ்ராட்டர் சுத்துது, எஞ்சின் பிடிக்குதில்லை. கச்சான் விக்கிற அம்மா "தம்பி, வடிவாக் கும்பிட்டனியே" எண்டு கேட்டா. அரை மணித்தியாலம் ஆறவிட பிடிச்சது. சூட்டில பிடிக்காமல் ஆறினா பிடிச்சால் கொம்பிறசன், அதாவது உள்ளுக்க காத்தை நெருக்கிற அழுத்தம், குறையுது எண்டு சந்தேகப்படவேணும். கொழும்புப் பக்கம் ரோட்டருக்கெண்டு இருக்கிற மெசினால பாத்தன், சாதாரண கேஜ்ஜால பாத்தா மூண்டு முகத்திலயும் கூடினதை மட்டும்தான் காட்டும். ஸ்ராட்டர் நிமிசத்துக்கு 250 சுத்துச் சுத்துறதா கணக்குப் போட்டா புது எஞ்சினுக்கு 830 கிலோபாஸ்கல், 680க்குக் கீழ போனா முடிஞ்சுது. என்ரது முன் ரோட்டர் 740, பின் ரோட்டர் 710 கிட்ட. இருக்கு, ஆனா கன காலத்துக்கு இல்லை. இந்தக் கார் வாங்கப் போறவை காலமை குளிரில ஸ்ராட் பண்ணிக் காட்டினா மயங்காதேங்கோ, அரை மணித்தியாலம் ஓடி, ஓவ் பண்ணி, பத்து நிமிசம் விட்டு, திரும்பத் திருப்பிப் பாருங்கோ. வேகமாச் சுத்திற புது ஸ்ராட்டர் பூட்டியிருந்தா அது குறையை மறைக்கும், அதையும் கேளுங்கோ.

இன்னொண்டு, நெல்லு மெசின் வருது எண்டு காரை ஸ்ராட் பண்ணி நாலடி பின்னுக்கு எடுத்து உடன ஓவ் பண்ணிப்போடாதேங்கோ. பெற்றோல் உள்ளுக்க தேங்கி அடுத்த முறை பிடிக்காது. பிடிக்காட்டி அக்சிலை அடி வரைக்கும் மிதிச்சபடி திறப்பைத் திருப்புங்கோ, அப்ப பெற்றோல் விடாது, காத்து மட்டும் போய்க் காயும். எங்கட வீட்டில இப்ப அறுவடைக்கு முதல் நாள் இரவே நான் காரைத் தூரக் கொண்டுபோய் விட்டிடுவன்.

கொப்பியில கடைசியா எழுதினது: 640 கிலோமீற்றர், 300 மில்லி, பாதி ஆறுதல் பாதி இழுவை, மணம் இல்லை. பின்னேரம் வவுனியாக்குப் போறன், கோடு கீறின போத்தல் டிக்கிக்குள்ள கிடக்கு, டூ ரிப் போத்தலைத்தான் காணேல்லை, அப்பா வயலில.